லிஸ்பனுக்கு மறுபடியும் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியச் சுற்றுலா பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் தடவை போகிறவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பத்து நாளில் ஆறு நாடு, காலையில் ஓர் ஊர், இரவில் இன்னோர் ஊர் என்று அவை ஓடுகின்றன. எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. கப்பல் வேலையில் இருந்தபோது போர்ச்சுக்கல் தலைநகரான லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கி ஊரைச் சுற்றியவர்கள், பாத்திமா மாதா யாத்திரையில் இரண்டு நாள் லிஸ்பனில் தங்கி மனசை அங்கேயே விட்டு வந்தவர்கள் என்று கீழக்கரை, தொண்டி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசாரித்தால் தெரியும். இவர்கள் இப்போது கேட்பது, மனைவி மக்களையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து அதே ஊருக்கு எப்படிப் போய்வருவது என்பதைத்தான். அதற்கான தகவல் தமிழில் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. இந்தக் கடிதம் அதற்காக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லிஸ்பன் ஏழு குன்றுகளின் ஊர் என்று பெயரெடுத்தது. முப்பது வயதுக் கால் ஏறிய மேட்டை அறுபத்தைந்து வயது முட்டி ஏறாது. குழுவில் யாருடைய முட்டி மிக மோசமோ அவரை வைத்துத்தான் அன்றைய திட்டத்தைப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மேடு, மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஓய்வு. இதை மீறும் குழுவில் மூன்றாம் நாளே பாதிப் பேர் அறையில் படுத்துவிடுவார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிடுவார்கள்.

எத்தனையோ ஊர் இருக்க லிஸ்பன் ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லக் காரணம் உண்டு. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தர் 1647-இல் பிறந்தது லிஸ்பனில். போர்ச்சுக்கல் அரசவையில் வளர்ந்த பிள்ளை, காவி கட்டி மறவர் சீமைக்கு வந்து, கிழவன் சேதுபதி காலத்தில் உயிர் விட்டார். வருஷாவருஷம் நம்மவர்கள் படகேறிப் போகும் கச்சத்தீவுத் திருவிழாவின் அந்தோணியாரும் லிஸ்பன்காரர்தான். பதுவையில் இறந்ததால் பதுவை அந்தோணியார் ஆனார். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அடித்த சிறு ஜெபப் புத்தகம் ஒன்று 1554-இல் அச்சானதும் அதே ஊரில். பிள்ளைகளுக்கு இதை விமானம் ஏறுமுன் சொல்லுங்கள். ஊரைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

விசாவில் ஏற்கெனவே போய் வந்தவர்களுக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்காக, அதாவது போர்ச்சுக்கல் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவுக்காக, கைரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஒரு விதி வந்தது: கடைசி மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்க வழியுண்டு. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால், பாஸ்போர்ட்டில் காலம் மிச்சமிருந்தால், அடுத்து ஐந்து ஆண்டு விசா. எதுவானாலும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் பழைய விசா, முத்திரைப் பக்கங்களின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கப்பல் ஊழியராகத் துறைமுகத்தில் இறங்கிப் பார்த்தது இந்தக் கணக்கில் சேராது. சி.டி.சி. என்ற கப்பல் ஊழியர் பதிவுப் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்குக் கீழ் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு என்பது சட்டம், ஆனால் 45 நாள் வரை இழுக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே இரண்டரை மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, புறப்படும் நாளும் திரும்பும் நாளும் உட்பட இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் சிக்கல்தான்.

நம் பக்கத்து விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக, இருக்கிற பெயரெல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும். விமான நிறுவனத் தளமோ குடும்பப்பெயர் இல்லாமல் டிக்கெட் போடவிடாது. தகப்பனார் பெயரை ஒருவர் நிரப்புவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவை அடிப்பார். ஒரே குடும்பத்தில் நாலு பேருக்கு நாலு விதம். டிக்கெட், காப்பீடு, ஹோட்டல் முன்பதிவு, விண்ணப்பம் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். குடும்பப்பெயர் இல்லாதவர்களை எப்படிப் பதிவார்கள் என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு எல்லோருக்கும் அந்த ஒரே முறையைப் பின்பற்றுங்கள். கூட்டாளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்தும் இன்னொருவர் வளைகுடாவிலிருந்தும் வந்து சேர்வதானால், அவரவர் வசிக்கும் நாட்டில் அவரவர் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தங்கும் வீட்டின் முன்பதிவுத் தாளில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் கணக்கில் மொத்தமாகப் பணம் போடுவதும் சந்தேகத்தையே கிளப்பும். மூன்று மாத வரவு செலவு இயல்பாகத் தெரிவதே பலம். பேரப்பிள்ளை தாய் தகப்பன் இல்லாமல் தாத்தா பாட்டியோடு வந்தால் இருவருடைய சம்மதக் கடிதமும் நோட்டரி கையெழுத்தோடு கையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் இல்லை. சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை லிஸ்பனில் நடக்கும். ஃபிராங்ஃபர்ட் வழியானால் அங்கேயே. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதில் முகப்படமும் விரல்ரேகையும் எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். வரிசை நீளும். ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏற மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்து டிக்கெட் எடுங்கள். சக்கர நாற்காலி உதவி இலவசம். 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். நடக்க முடியும், ஆனால் நிற்க முடியாது என்பவருக்கும் அது பொருந்தும். கூச்சப்பட வேண்டாம்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதில்தான் நம் வீடுகளில் பெரிய விவாதம் நடக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதி தெளிவாக இருக்கிறது. இறைச்சியும் பாலில் செய்ததும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் மீனுக்குத் தளர்வு உண்டு. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம், காய்ந்ததும் அதில் சேர்த்தி. ஆக நெத்திலிக் கருவாட்டுக்கு அனுமதி உண்டு, நெய்க்கு இல்லை. கருவாட்டைக் காற்று உறிஞ்சிய உறையில் இரட்டையாகக் கட்டாவிட்டால் துணியெல்லாம் வாடை ஏறும், தங்கும் வீட்டுக்காரர் முகமும் சுளிக்கும். பச்சைக் காய்கறி, பழங்களில் தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி, டுரியான் ஐந்தும் சான்றிதழ் இல்லாமல் போகும். மாம்பழமும் கறிவேப்பிலையும் போகாது. கொப்பரையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், எண்ணெய் கொண்டது, தீப்பிடிக்கும் என்பதால். கருப்பட்டி, மிளகாய்ப்பொடி, புளி தாராளமாகப் போகும். இன்னொன்று, இதைப் பக்தியோடு செய்கிறவர்கள் உண்டு என்பதால் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்: ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து மண் கொண்டுவரத் தடை இருக்கிறது.

எங்கே தங்குவது? பழைய ஞாபகத்தில் அல்ஃபாமாவில் அறை தேடாதீர்கள். அழகான பகுதிதான். ஆனால் சந்தெல்லாம் படிக்கட்டு, கார் வாசல் வரை வராது, பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறும்போதே பாதி ஆசை போய்விடும். குடும்பத்துக்கு ஏற்றவை வடக்கே உள்ள சமதரைப் பகுதிகள், சல்தான்யாவும் அல்வலாடேயும். எனக்கு அல்வலாடே மேல். விமான நிலையத்துக்குப் பக்கம், பச்சைத் தட மெட்ரோவில் ஏறினால் மாறாமல் நகர நடுவே உள்ள ரோசியோ சதுக்கம், அகலமான நடைபாதை, காலைச் சந்தை. அந்தப் பகுதியின் பங்கு ஆலயமே அருளானந்தர் பெயரில்தான் இருக்கிறது. வீடு எடுக்குமுன் லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். குளிர்காலத்தில் போனால் அறையைச் சூடாக்கும் வசதியையும் கேளுங்கள். வெளியே 10 டிகிரிதான் இருக்கும், ஆனால் பழைய வீடுகளுக்குள் அதைவிடக் குளிரும். நகராட்சி வரி, 13 வயது முதல் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவு. ஆறு பெரியவர்கள் ஐந்து இரவு தங்கினால் 120 யூரோ. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

மாதம் என்று பார்த்தால் மே பிற்பாதி, இல்லையேல் செப்டம்பர். பள்ளி விடுமுறைக்கு மே சரிவரும். மே 12, 13 தேதிகளில் மட்டும் பாத்திமாவில் பெருங்கூட்டம். ஜூன் கடைசியில் சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் விழும். வெளிச்சத்தை நம்பிச் சாப்பாட்டையும் இன்சுலினையும் தள்ளிப்போட்டு மயங்குகிறவர்கள் உண்டு. மருந்து நேரத்தைக் கடிகாரத்தில் வையுங்கள். கோடையில் நமக்கும் லிஸ்பனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

இனி மேடு. அந்த ஊர் நடைபாதை சிறு சுண்ணாம்புக் கற்களால் ஆனது. நெடுங்காலமாக மிதிபட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். மழைத்தூறல் விழுந்தால் பாசி பிடித்த படித்துறைதான். தோல் அடிச் செருப்பு கூடவே கூடாது, கணுக்காலைப் பிடிக்கும் ரப்பர் அடிக் காலணி வேண்டும். மடக்குச் சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் கல் இடுக்கில் சிக்கும், பெரிய சக்கரம் உள்ளதாகப் பாருங்கள்.

ஒரு காலை நேரத்துக்கு இந்த வழியைச் சொல்வேன். பிரசா டா ஃபிகெய்ரா சதுக்கத்தில் 737 பேருந்து ஏறினால் மேட்டிலுள்ள சாவோ ஜோர்ஜ் கோட்டை வாசல் பக்கத்தில் இறக்கிவிடும். கோட்டையைப் பார்த்துவிட்டு மெல்ல இறங்கி போர்ட்டாஸ் டோ சோல் மாடத்துக்கு வந்தால் கீழே தேஜோ ஆறு முழுக்கத் தெரியும். அங்கே அரைமணி உட்காருங்கள். பிறகு படிக்கட்டுச் சந்துகளைத் தொடாமல் டிராம் தண்டவாளம் போகும் சாலையிலேயே இறங்குங்கள். சாந்தா லூசியா மாடம் தாண்டி, பேராலயம் தாண்டி, அதற்குச் சற்றுக் கீழே வலப்பக்கம் அந்தோணியார் ஆலயம். நடைபாதை சில இடங்களில் ஓர் ஆள் அகலம்தான், டிராம் உரசிக்கொண்டு போகும். ஒருவர் பின் ஒருவராக, பிள்ளைகள் சுவர்ப் பக்கமாக வர வேண்டும். 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டிய ஆலயம் அது. அவர் பிறந்த இடம் என்று வணங்கும் நிலவறை மட்டும் பழையது. கச்சத்தீவுக்குப் போகிற குடும்பம் அந்த நிலவறையில் இறங்கி நிற்காமல் திரும்பவே கூடாது. அங்கிருந்து கீழே பைஷா, நிலநடுக்கத்துக்குப் பின் நேர்கோட்டுத் தெருக்களாகப் போட்ட சமதரை. முட்டி மிக மோசமானவர்கள் இறக்கத்தையும் நடக்க வேண்டாம், அதே 737-இல் திரும்பலாம். ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் முட்டியைக் கெடுப்பது இறக்கம்தான்.

பைஷாவிலிருந்து மேலே ஷியாடோ பகுதிக்குப் போக நடக்கவே வேண்டாம். பைஷா ஷியாடோ மெட்ரோ நிலையத்துக்குள் கீழ்வாசலில் நுழைந்து நகரும் படிகளில் ஏறினால் மேட்டின் உச்சியில் வெளியே வரலாம். ஒன்றிரண்டு படி சில நாள் பழுதாகி நிற்கும், அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். குளோரியா என்ற பழைய இழுவை ரயிலைப் பிள்ளைகளிடம் சொல்லி ஆசை காட்டிவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 3 அன்று கம்பி இணைப்பு விட்டுத் தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள், சேவை நின்றுபோனது.

28-ஆம் எண் டிராமில் ஏறியவர்களுக்கு மறுபடி ஏறாவிட்டால் மனசு ஆறாது. உட்கார இருபது இடம்தான். பத்துப் பேர் சேர்ந்து உட்காரும் பேச்சே இல்லை. எல்லோரும் மார்த்திம் மோனிஸ் முனையில் வரிசை கட்டி நிற்பார்கள். எதிர்முனையான காம்ப்போ டி ஓரிகேயில் காலை எட்டரைக்குள் ஏறினால் இடம் கிடைக்கும். பிக்பாக்கெட் அந்த வண்டியில் அதிகம், பெலேம் போகும் 15-இலும் அப்படியே. பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டிவிட்டு நகலோடு போங்கள். பயணச்சீட்டு அட்டை ஆளுக்கொன்று வாங்க வேண்டும், அட்டை விலை அரை யூரோ. ஓர் அட்டையை நாலு பேர் தட்ட முடியாது.

மறுநாளை மேடே இல்லாத இடத்துக்கு ஒதுக்குங்கள். பெலேம் ஆற்றங்கரை அதற்கு ஏற்றது. ஜெரோனிமோஸ் மடத்தின் ஆலயத்தில்தான் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு ஓரியண்ட் நிலையம் பக்கம் உள்ள கடல்வாழ் காட்சியகம். நடுத்தொட்டி மட்டும் 50 லட்சம் லிட்டர். 1998 கண்காட்சிக்காக அந்தக் கரை முழுக்க மாற்றப்பட்டது. அதற்கு முன் கப்பலில் வந்தவர்களுக்கு அடையாளமே தெரியாது, கூட்டாளிகள் அதைப் பற்றியே ஒரு மதியம் பேசித் தீர்ப்பார்கள்.

மீன் விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அங்கே வழக்கம் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரியில் சுட்ட சாளை கிடைக்கும். நம் சாளைக்கு உறவு, உடம்பு பெரிது, கொழுப்பு அதிகம். பல இடங்களில் குடல் எடுக்காமலே கல்லுப்பு போட்டுச் சுடுவார்கள். வயிற்றுப் பக்கம் ஒதுக்கித் தின்ன வேண்டும். கணவாய் உண்டு, பேய்க்கணவாயும் உண்டு. பேய்க்கணவாயை அங்கே ஆலிவ் எண்ணெயில் பஞ்சு மாதிரி வேகவைப்பார்கள். காரம் வேண்டுமானால் பிரி பிரி கேளுங்கள். பெரிய மீன் கிலோ விலையில் எழுதியிருக்கும், சுடுமுன் எடை கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மீன் வேண்டாம். ஞாயிறு படகு போகாத வழக்கம் அங்கும் உண்டு.

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். இலவசம் இல்லை. கைவைக்காமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லை. ஒரு முழுப் பங்கு இரண்டு பேருக்குக் காணும், மெய்யா டோஸ் என்றால் அரைப் பங்கு. பன்றி சாப்பிடாதவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். அலெந்தெஜோ பாணிக் கறியில் மேலே மட்டி பரப்பியிருக்கும். கடல் உணவு என்று நினைத்துவிடக்கூடாது, அடியில் பன்றிக்கறி. கால்டோ வெர்டே என்ற கீரை சூப்பில் ஷோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். துண்டை எடுத்துவிட்டாலும் சாறு அதில்தான் கொதித்திருக்கும். ஹலால் கடைகள் மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தை ஒட்டிய பென்ஃபோர்மோசோ தெருவில் வரிசையாக இருக்கின்றன. அரிசி, பருப்பு, மசாலா அங்கேயே வாங்கலாம். மத்தியப் பள்ளிவாசல் பிரசா டி எஸ்பான்யா பக்கம். சைவக்காரர்களுக்கு லுமியாரில் உள்ள ராதாகிருஷ்ணர் கோயிலில் சாப்பாட்டுக்கூடம் உண்டு. பால் காப்பி தேடுகிறவர்கள் கலாவோ என்று கேட்க வேண்டும். வெறும் காப்பி என்றால் ஒரு மடக்குக் கருங்காப்பிதான் வரும்.

கடல் பற்றி ஒரு எச்சரிக்கை. பாக் நீரிணையில் இடுப்பளவு தண்ணீரில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள் அட்லாண்டிக்கையும் அப்படி நினைத்து இறங்குவார்கள். கோடையிலும் தண்ணீர் 20 டிகிரிக்குள்தான், கால் மரத்துப்போகும். அலை இழுத்துக்கொண்டு போகும். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது, மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது.

பாத்திமாவுக்கு ரயில் வேண்டாம். பாத்திமா பெயர் போட்ட நிலையம் திருத்தலத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. செட்டே ரியோஸ் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பேருந்து கொண்டுவிடும்.

பழைய கூட்டாளிகளுக்கென்று தனி நேரம் ஒதுக்குவதையும் திட்டத்தில் எழுதியே வையுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை வீட்டார் தூங்கட்டும். தெருமுனைக் காப்பிக் கடையில் கூட்டாளிகள் மட்டும் உட்காரட்டும். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் பகல் முழுக்க அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு முன்னால் நடக்க, குடும்பம் பின்னால் தனியாக வரும். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஷெங்கன் விசா விதிகள், குறிப்பாகப் பெயர் எழுதும் முறையும் பலமுறை விசா விதியும், உணவுப் பொருள் பட்டியலும் ஒரு பக்கத்தில் அடங்கும் அளவுக்குத் தமிழில் வெளியிடுங்கள். விதி மாறும்போதெல்லாம் புதுப்பித்துப் போடுங்கள். எங்கள் ஊர்களில் பலர் தரகருக்குக் காசு கொடுத்துத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.